சித்தி உயில் எழுதவில்லை: பாகம் பிரித்த அனுபவம்

கணவரை இழந்த, குழந்தை இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவருடைய சொத்து யாருக்கு? எங்கள் வீட்டில் இதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. கூடப் பிறந்தவர்களுக்கு என்றார் மாமா. கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்குத்தான் நியாயம் என்றார்கள் சித்தியுடன் வேலை பார்த்தவர்கள். வங்கியில் நாமினியாக யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு என்று அடித்துச் சொன்னான் என் தம்பி. வழக்கறிஞர் முன் உட்கார்ந்தபோது மூன்றும் தவறு என்று தெரிந்தது. சித்தி தன் சம்பளத்தில் கட்டிய வீடு, அவரைப் பெற்றவர்கள் பக்கம் வராமல் கணவரின் உடன்பிறந்தவர்களுக்குப் போனது. அதுதான் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது.

இதே நிலையில் பலர் இருப்பார்கள் என்பதால், நாங்கள் கடந்து வந்ததைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சித்தியின் காகிதங்களை எடுத்து அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். சொல்வதெல்லாம் இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், இஸ்லாமியர்களுக்கு ஷரியத் சட்டம் என்று கணக்கே வேறு.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும். சித்தி என் அம்மாவின் தங்கை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா அவருக்குப் பல வருடம் முன்பே போய்விட்டார். சித்தப்பாவின் அண்ணனும் உயிரோடு இல்லை. அந்த அண்ணனின் மகளை நான் அக்கா என்பேன். சித்தி படுத்த பிறகு உடனிருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். சித்தப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பியைச் சின்னச் சித்தப்பா என்றும், வெளிநாட்டில் இருக்கும் தங்கையை அத்தை என்றும் கூப்பிடுவோம். எங்கள் பக்கம் மாமா மட்டும் இருக்கிறார். என் அம்மா சித்திக்கு முன்பே இறந்துவிட்டதால் அம்மாவின் இடத்தில் நானும் தம்பியும்.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, சொத்து எவ்வளவு என்பதல்ல. ஒவ்வொன்றும் சித்தி கைக்கு எப்படி வந்தது என்பதுதான். ஆண் இறந்தால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு வேலை இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பங்கை எடுத்துக்கொள்வார்கள். பெண் இறந்தால் 15-வது பிரிவு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்கும் அடுத்துதான் அவரைப் பெற்ற அம்மா, அப்பா. அந்தப் பெண்ணின் அம்மா உயிரோடு இருந்தாலும் கணவரின் வாரிசுகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதை வழக்கறிஞர் சொன்னபோது மாமா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாத பெண்ணுக்கு, பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், அது அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ வாரிசாக வந்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 'வாரிசாக' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரிசாக வந்ததாகாது, பொது விதிக்குள் போய்விடும். ஆகவே பத்திரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, என்ன பத்திரம் என்று பார்க்க வேண்டும்.

சித்தியின் சொத்தை அப்படிப் பிரித்துப் போட்டோம். தாத்தாவின் நிலத்தில் அவருக்கு இருந்த பங்கு, தாத்தா உயில் எழுதாமல் இறந்ததால் வாரிசாக வந்தது. எனவே எங்கள் பக்கம். சித்தப்பா விட்டுப்போன ஒரு மனை கணவர் பக்கம். சித்தி கட்டிய வீடு, வைப்புத்தொகை, சேமிப்பு எல்லாம் சுய சம்பாத்தியம். அவையும் கணவர் பக்கம்.

அடுத்து, கணவர் பக்கம் என்றால் அங்கே யார்? சித்தி இறந்த பிறகு சித்தப்பா இறந்ததாக வைத்துக்கொண்டால் அவருக்கு யார் வாரிசாக வருவார்களோ அவர்கள். அவருக்கு மனைவி, பிள்ளை, தாய், தந்தை யாரும் இல்லாத நிலையில் உயிரோடு இருக்கும் சகோதரரும் சகோதரியும் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் இருக்கும்வரை, இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அதாவது அக்காவுக்குப் பூஜ்யம். எங்கள் பக்கமோ வேறு மாதிரி. தாத்தாவின் வாரிசுகள் என்று வரும்போது, முன்பே இறந்த மகளின் பிள்ளைகள் என்ற முறையில் எனக்கும் தம்பிக்கும் அம்மாவின் பங்கு உண்டு. சித்தியை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வந்த எனக்குப் பங்கு இருக்கிறது, தினமும் தூக்கி உட்காரவைத்து மாத்திரை கொடுத்த அக்காவுக்கு இல்லை. சட்டம் ரத்த உறவையும் கல்யாண உறவையும் எண்ணும், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எண்ணாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், திருமணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண்ணின் பணம்கூடக் கணவரின் வாரிசுகளுக்கே என்று தீர்ப்பானது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிச் சட்ட ஆணையம் 2008-லேயே தன் 207-வது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. திருத்தம் வரவில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களைப் பார்த்து, குறிப்பாக இந்துப் பெண்களைப் பார்த்து, உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நீதிமன்றம் அப்படிக் கேட்கிறது என்றால் எத்தனை குடும்பங்கள் அந்த வாசலில் நின்றிருக்கும்!

சரி, நாமினி விஷயத்துக்கு வருகிறேன். வைப்புத்தொகைக்குச் சித்தி அக்காவைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார். இறந்த பிறகு வங்கியும் பெரிய சிக்கல் இல்லாமல் அக்கா கையில் பணத்தைக் கொடுத்துவிட்டது. அதோடு அது அவருடையது என்று எல்லோரும் நினைத்தோம். அப்படி இல்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆயுள் காப்பீட்டுக்கு இதை உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. பங்குச் சந்தை முதலீடுகளுக்கும் அதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் ஒரு மாற்றம் வந்தது. பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. கொழுந்தனார் மகளோ, மைத்துனர் மகளோ அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது, 2025 நவம்பர் முதல், வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். வசதிதான், ஆனால் நான்கு பேர் போட்டாலும் உயில் எழுதியதாக ஆகாது.

சட்டம் இவ்வளவுதான். இனி கையால் செய்த வேலைகள்.

காரியங்கள் முடிந்ததும் இரு பக்கத்து ஆட்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் வீட்டைத் திறக்க வேண்டும் என்று சின்னச் சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நம்பாதவர்கள் மாதிரி என்ன இது என்று. பிறகு பார்த்தால், மொத்த விவகாரத்திலும் எங்களைக் காப்பாற்றியது அதுதான். பீரோவைத் திறப்பதிலிருந்து எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்தோம். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி அந்தந்தப் பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அத்தை வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்தார். பின்னால் அவர் ஒரு சங்கிலியைப் பற்றிச் சந்தேகம் கிளப்பியபோது வாய்ச்சண்டை வராமல் வீடியோவை அனுப்பி முடித்தோம். லாக்கரையும் வங்கியில் சாட்சிகளை வைத்துப் பட்டியல் போட்டுத்தான் திறந்தார்கள்.

ஏடிஎம் அட்டையைத் தொடவே கூடாது. அவசரச் செலவுதானே, ரகசிய எண் தெரியுமே என்று எடுத்தால் பிறகு ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வங்கிக்கு இறப்பைத் தெரிவித்த பிறகு செலவை யாராவது கையிலிருந்து செய்து, ரசீதை வைத்துக்கொண்டு, பொதுக் கணக்கில் கழித்துக்கொள்வதுதான் சரி. ஆனால் செல்போன் சிம்மை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். வருமான வரிக் கணக்கு, மின் கட்டணம், பரஸ்பர நிதி என்று எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பணத்தை எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்பது அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளிலிருந்தே தெரிய வரும். எங்களுக்குத் தெரியாத ஒரு முதலீடு அப்படித்தான் வெளியே வந்தது.

ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் கருவூலத்துக்கு உடனே எழுத வேண்டும். இறந்த பிறகும் கணக்கில் விழும் ஓய்வூதியம் நம்முடையது அல்ல, திருப்பித்தான் ஆக வேண்டும். இறந்த வருடத்துக்கான வருமான வரிக் கணக்கை, சட்டப் பிரதிநிதி என்று பதிவு செய்துகொண்ட ஒருவர் தாக்கல் செய்ய வேண்டும். வாரிசாக வரும் சொத்துக்கு வரி கிடையாது. இந்தியாவில் அந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் விற்கும்போது வரும் லாபத்துக்குத்தான் வரி. அதனால் சித்தி வீட்டுக்குச் செலவழித்த பழைய ரசீதுகளையும் பத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

சான்றிதழ் பெயர்களில் எல்லோரும் குழம்புகிறார்கள். வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ். இன்னார் இன்னாருக்கு இந்த உறவு என்று அது சொல்லும். நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். வங்கிப் பணம், பங்குகள், வரவேண்டிய கடன் போன்றவற்றை வசூலிக்க அது உரிமை தரும், தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் உண்டு. வீடு, நிலத்துக்கு இந்த இரண்டாவது தேவையில்லை. நாமினி இல்லாத கணக்கு ஒன்று இருந்ததால் எங்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. கணவர், பிள்ளைகள் இல்லாதவர் என்றால் வட்டாட்சியர் அலுவலக விசாரணையும் நேரம் பிடிக்கும். சித்தியின் இறப்புச் சான்று போதாது, சித்தப்பா, அவருடைய பெற்றோர், அண்ணன் என்று முன்னால் போன எல்லோருடைய இறப்புச் சான்றும் கேட்டார்கள். சித்தப்பாவின் அம்மா இறந்ததை யாரும் பதிவே செய்திருக்கவில்லை. தாமதப் பதிவுக்கு அலைந்தது தனிக் கதை. உங்கள் வீட்டில் யாருடைய இறப்பாவது பதிவாகாமல் கிடந்தால், சொத்துப் பேச்சு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிந்துவிடுங்கள்.

கடனும் சொத்தோடு சேர்ந்து வரும். ஆனால் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு, சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. சித்திக்குப் பெரிய கடன் இல்லை. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்ததுதான் அதிகம், அதில் பாதிக்குச் சீட்டே கிடையாது. வாங்கியவர்கள் தாங்களாக வந்து சொன்னால் உண்டு என்று அதை விட்டுவிட்டோம். ஒருவர் வந்தார்.

இப்போது அக்காவின் விஷயம். இதைத்தான் அதிகம் பேசினோம்.

சின்னச் சித்தப்பாவுக்கு அண்ணன் மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் இருந்தது. அத்தைக்கு இல்லை. அவரை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டில் தனியாக இருப்பவர், அவருக்கும் செலவுகள் இருந்தன, சட்டம் கொடுத்த பாதியைத்தான் கேட்டார். நாங்கள் செய்தது என்னவென்றால், நியாயம் எது என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு அக்கா என்னென்ன செலவழித்தார் என்று பட்டியல் எடுத்தோம். அவர் மருத்துவமனை ரசீது, மருந்து பில், உதவிக்கு வந்த செவிலியருக்கு அனுப்பிய பணம், ஈமச் செலவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். பாகம் பிரிக்கும் முன் சொத்திலிருந்து முதலில் கழிய வேண்டியவை அவை. கேட்டதும் அத்தை ஒரு வார்த்தை மறுக்காமல் சரி என்றார். "காகிதத்தில் இருக்கிறதை நான் எப்படி இல்லைன்னு சொல்வேன்?" என்றார். அதே தொகையை 'பார்த்துக்கொண்டதற்கான பங்கு' என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரசீதைச் சேர்த்து வையுங்கள், பணத்தை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். பாசத்துக்குக் கணக்கா என்று கூச்சப்படாதீர்கள். பின்னால் கணக்குக் கேட்பவர்கள் அந்த வீட்டில் இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

மீதிக்கு வழி குடும்ப ஏற்பாடு. சட்டம் சொல்லும் பங்கின்படிதான் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமையுள்ளவர்கள், உரிமை கோரக்கூடியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் நீதிமன்றங்கள் அதை மதிக்கும். 1976-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு அடிப்படை. வாய்வழியாகப் பேசி முடித்ததைப் பின்னர் நினைவுக்காக எழுதி வைத்தால் அதைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நம் பக்கம் கூர்ச்சீட்டு என்பார்களே, அது. ஆனால் எழுதுகிற காகிதமே பங்கைப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால், அதில் வீடு, நிலம் இருந்தால், பதிவு செய்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வெள்ளைத் தாளில் 'இன்று முதல் இது இன்னாருக்கு' என்று எழுதிவிட்டுப் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் நிற்பவர்கள் நிறைய. வீடு என்று வந்துவிட்டால் செலவைப் பார்க்காமல் பதிவு செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

வைப்புத்தொகையில் அத்தையின் பாதியை அக்கா அவருக்கு அனுப்பிவிட்டார். சின்னச் சித்தப்பா தன் பாதியை வாங்க மறுத்து, அக்காவே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் எழுத்தில் வாங்கியது முக்கியம். நாளை அவருடைய பிள்ளைகள் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே.

வீட்டைச் சின்னச் சித்தப்பா எடுத்துக்கொள்ள விரும்பினார், அத்தைக்குப் பணம் போதும். பிரச்சினை விலையில் வந்தது. அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்குப் போடலாம் என்றார் அவர், சந்தை மதிப்புதான் வேண்டும் என்றார் அத்தை. தரகர்களைக் கேட்டால் கேட்கிற ஆளைப் பார்த்து விலை சொன்னார்கள். கடைசியில் அத்தையின் மகன் ஒரு யோசனை சொன்னான். அத்தை ஒரு விலை சொல்லட்டும். அந்த விலைக்கு வீட்டை எடுத்துக்கொண்டு அதில் பாதியை அத்தைக்குக் கொடுப்பதா, இல்லை அதே விலையில் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டை அத்தைக்கு விடுவதா என்று சின்னச் சித்தப்பா தீர்மானிக்கட்டும் என்றான். விலையை ஏற்றிச் சொன்னால் வீடு அவர் தலையிலேயே விழும், குறைத்துச் சொன்னால் மலிவாகக் கைமாறிவிடும். அதனால் சொல்கிறவர் நேர்மையான விலையைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது. அதுவரை கணக்கு வழக்கில்லாமல் நீண்ட பேச்சு அந்த வாரத்தோடு முடிந்தது. இரண்டு பேருக்குள் ஒரே ஒரு பெரிய பொருள் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும் பணம் புரட்டும் சக்தி இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒருவர் கையில் பணமே இல்லையென்று தெரிந்தால் மற்றவர் அதை வைத்து விலையைக் குறைத்துவிட முடியும்.

அத்தை தன் பாதியைச் சின்னச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தது விடுதலைப் பத்திரம் மூலம். வெளிநாட்டிலிருந்து வந்து கையெழுத்துப் போட அவரால் முடியவில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அனுப்பினார். அப்படி வரும் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு உரிய முத்திரைத் தீர்வையைக் கட்ட வேண்டும். தபால் உறையைக்கூட வைத்திருந்தோம், எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பவரில் எந்தச் சொத்து, எந்த வேலை என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். எல்லா அதிகாரமும் என்று எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் ஆபத்து. முத்திரைத் தீர்வை விஷயத்தில் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் ஒரு கட்டணம், வெளியாருக்கு என்றால் பல மடங்கு. அந்த விதியில் 'குடும்பம்' என்றால் யார் யார் என்பதற்குத் தனி வரையறை உண்டு. நாம் உறவு என்று நினைப்பவர்கள் எல்லோரும் அதில் வரமாட்டார்கள். அதனால் எந்த வகைப் பத்திரம் என்று முடிவெடுக்கும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

நகைகளைப் பற்றி நான் பயந்துகொண்டிருந்தேன். பாட்டி சித்தியின் கல்யாணத்துக்குப் போட்டவை அவை. பாட்டியிடமிருந்து வந்ததாயிற்றே, எங்களுக்குத்தானே என்று மாமா கேட்டார். வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். கல்யாணத்தில் போட்டது அன்பளிப்பு, வாரிசாக வந்தது இல்லை, ஆகவே அதுவும் கணவர் பக்கமே. இதைக் கேட்டு மாமா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பணத்தில் அத்தனை கறாராக இருந்த அத்தைதான், யாரும் கேட்காமலே, பாட்டி போட்ட நகைகள் பாட்டி வீட்டுக்கே போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். எடையைக்கூடக் கேட்கவில்லை. மனிதர்களைக் கணிக்க முடியாது என்று அன்று விட்டுவிட்டேன்.

புகைப்படங்களைப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பினேன், அசல் ஆல்பங்கள் அக்காவிடம். புத்தகங்கள் சித்தி வேலை பார்த்த பள்ளிக்குப் போயின. மனையை விற்றுப் பாதிப் பாதி, அதில் பேச ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்து நிலம் இன்னும் முடியவில்லை. பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. மாமா, நான், தம்பி மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றக் கேட்டிருக்கிறோம். உழுவது மாமாதான். எங்கள் பங்கை அவருக்கே விட்டுவிடலாம் என்று தம்பிக்கும் எனக்கும் எண்ணம், ஆனால் பட்டா எங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் எழுதிக் கொடுப்போம். பெயர் வராமல் கொடுக்கும் விடுதலையில் பின்னால் ஓட்டை வரும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். இந்த மாதிரிப் பங்கில் பதினெட்டு வயது நிரம்பாத வாரிசு யாராவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிறாரின் நிலத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ பெற்றவர் கையெழுத்துப் போதாது, நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இத்தனைக்கும் சித்தி ஒரு வெள்ளைத் தாளில் தன் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளை அவர் முன்னால் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிந்தால் பின்னால் சந்தேகம் குறையும், அவ்வளவுதான். சாட்சியாகப் பங்கு வாங்காதவர்களைப் போடுவது நல்லது. அக்கா இதை அவரிடம் எப்படிக் கேட்பார்? எங்களில் யாராவதுதான் கேட்டிருக்க வேண்டும். இப்போது சின்னச் சித்தப்பா தன் உயிலை எழுதிப் பதிந்தும் விட்டார். மாமா எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. பத்து வருடம் யாரும் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்பட்டுவிடும். அப்போதும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். எந்தெந்த வங்கியில் அப்படிக் கிடக்கிறது என்று தேட, 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளம் இருக்கிறது. சித்தியின் பெயரைப் போட்டுத் தேடியபோது, அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொடங்கிய ஒரு கணக்கு அகப்பட்டது. யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதற்கான மனுவில் சின்னச் சித்தப்பா கையெழுத்துப் போட்டாயிற்று, அத்தையின் கையெழுத்து தூதரகத்திலிருந்து வர வேண்டும்.